கருணைக்கு வந்த சோதனை

தாய்நாட்டில் தீக்குளிப்பு, அடைக்கலம் தந்த ஊரில் கத்திக்குத்து. கோபத்தை வெல்லப் போராடுகிறார்கள் பைலகுப்பேயின் திபெத்தியத் துறவிகள்.

செரா மடாலயத்தின் முற்றத்தில் செந்நிற அங்கி அணிந்த இளம் துறவிகளின் வாதம் உச்சத்தில் இருக்கிறது. நிற்பவர் காலை ஓங்கி மிதித்து, கையைத் தட்டிக் கேள்வியை வீசுகிறார். தரையில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சண்டை போலத் தெரியும். மைசூர் மாவட்டத்தின் பைலகுப்பேயில் இது அன்றாடக் காட்சி.

துறவிகள் போற்றும் நூல்களில் ஒன்று, 8-ம் நூற்றாண்டில் சாந்திதேவர் எழுதிய 'போதிசரியாவதாரம்'. அதன் ஆறாவது அத்தியாயம் முழுவதும் பொறுமை பற்றியது. எதிரி இருந்தால்தான் பொறுமையைப் பழக முடியும் என்பது அதன் சாரம்.

எதிரிக்குப் பஞ்சமில்லை. 1419-ல் லாசா அருகே நிறுவப்பட்ட செரா, 1959 எழுச்சியின்போது சீனப் படையின் குண்டுவீச்சுக்கு இலக்கானது. தப்பி வந்த துறவிகள், ஒரு காலத்தில் சிறை முகாமாக இருந்த மேற்கு வங்கத்தின் பக்ஸாவில் தங்கவைக்கப்பட்டனர். காசநோய் பலரைக் கொண்டுபோனது. 1970-ல் சுமார் 300 பேர் பைலகுப்பே வந்து, காட்டைத் திருத்தி மடத்தை மீண்டும் எழுப்பினார்கள். பின்னர் அது ஆயிரக்கணக்கான துறவிகளின் இருப்பிடமாக வளர்ந்தது.

ஆனால் வன்முறைச் செய்திகள் ஓயவில்லை. 2009 பிப்ரவரியில் கீர்த்தி மடத்தின் இளம் துறவி தபே தீக்குளித்தார். அதன்பின் 150-க்கும் அதிகமான திபெத்தியர்கள் அதே வழியில் போனார்கள். துறவிகள், துறவினிகள், மாணவர்கள், குடும்பத்தினர் என்று பல தரப்பினர். உயிர்க்கொலை கூடாது என்பது பௌத்தத்தின் முதல் நெறி. தன் உயிரைப் போக்கிக்கொள்வதும் அதில் அடங்குமா? பிறருக்குத் தீங்கு நினைக்காதவரின் செயலை எப்படி எடைபோடுவது? தலாய் லாமாவே அவர்களைக் கண்டிக்கவில்லை. துணிச்சலை ஒப்புக்கொண்டவர், அதனால் பலன் உண்டா என்று வருத்தத்துடன் கேட்டார்.

2012 ஆகஸ்டில் ஆபத்து வாசலுக்கே வந்தது. அசாம் கலவரத்துக்குப் பழிவாங்கப் போவதாகப் பரவிய வதந்தியால் வடகிழக்கு மாநிலத்தவர்கள் பெங்களூரிலிருந்து கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினர். அந்த நாட்களில் மைசூரில் ஒரு திபெத்திய மாணவர் கத்தியால் குத்தப்பட்டார். வடகிழக்கைச் சேர்ந்தவர் என்று நினைத்துத் தாக்கியிருக்கலாம் என்று செய்திகள் கூறின. முக ஜாடை ஒன்றே குற்றமாகிவிட்ட நேரம் அது. பிழைக்க வந்த இடத்திலும் ஓட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. வதந்தி அடங்கியது. பைலகுப்பே காலியாகவில்லை.

தலாய் லாமா அடிக்கடி நினைவுகூர்ந்த ஒரு முதிய துறவி உண்டு. சீனச் சிறையில் பல ஆண்டுகள் வாடியவர். அங்கே சில முறை பெரும் ஆபத்தைச் சந்தித்ததாக அவர் சொன்னார். உயிருக்கு ஆபத்தா என்று தலாய் லாமா கேட்டார். இல்லையாம். சீனர்கள் மீதான கருணையை இழந்துவிடும் ஆபத்தாம்.

முற்றத்தில் நாள்தோறும் கைதட்டிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, அந்த முதியவர் சிறையில் விடை எழுதியிருந்தார்.