"மருமக என் வளையலைத் திருடிட்டா!"

"என்னைத் திருடின்னு சொல்றாங்க டாக்டர். இருபத்தெட்டு வருஷமா அத்தைக்குச் சமைச்சுப் போடறேன்..."

அந்தப் பெண்மணிக்கு அதற்குமேல் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த எழுபத்திரண்டு வயது மாமியாரோ, 'எப்படி நடிக்கிறா பாருங்க' என்பதுபோல என்னைப் பார்த்தார். காணாமல் போன வளையல்கள் பிறகு அரிசிப் பானைக்குள் கிடைத்தன. ஒளித்து வைத்தவர் மாமியாரேதான். வைத்தது அவருக்கு நினைவில்லை! மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வல்லாரை லேகியம் கொடுத்தா சரியாயிடுமா சார்?"

லேகியத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த அம்மாவின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியை அழைத்து வந்தார்கள். அவருக்கும் ஆரம்பத்தில் வந்தது சந்தேகம்தான், கணவர் மீது. பிறகு மறதி, பொருள்களை ஒளித்து வைப்பது எல்லாம். 1906-ல் அவர் இறந்ததும் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அந்த மூளையைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்புச் செல்களுக்குள் சிக்கு விழுந்த நூல் போல இழைகள்! அந்த நூல் எதனால் ஆனது என்று தெரிய ஏறக்குறைய எண்பது வருஷம் ஆயிற்று. 'டௌ' என்ற புரதம்.

டௌவை விரோதியாக நினைக்காதீர்கள். நம் எல்லார் மூளையிலும் அது இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நரம்புச் செல்லுக்கு நீளமான வால் உண்டு. அதற்குள் சத்துப் பொருள்கள் போய் வர, தண்டவாளம் மாதிரி மெல்லிய குழாய்கள். அந்தத் தண்டவாளம் ஆட்டம் காணாமல் ஸ்லீப்பர் கட்டை போலப் பிடித்து வைப்பதுதான் டௌவின் வேலை. அதன் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் பிடி விட்டுப் போகிறது. கழன்று விழுந்த டௌ ஒன்றோடொன்று பின்னிச் சிக்காகிறது. போக்குவரத்து கெட்டு, செல் வாடிச் சாகிறது. சிக்கு பக்கத்துச் செல்லுக்கும் பரவுகிறது. (ஆளுக்கு ஆள் ஒட்டாது, பயம் வேண்டாம்.)

அல்சைமர் நோயில் இந்தச் சிக்கு ஆரம்பத்திலேயே தாக்குவது, புது ஞாபகங்களைப் பதிய வைக்கும் பகுதியை. அதனால்தான் அந்த அம்மாவுக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகமில்லை. தன் கல்யாணத்தில் பாயசம் தீய்ந்துபோனது ஞாபகமிருக்கிறது! வளையலை அரிசியில் வைத்தது மூளையில் பதியவே இல்லை. பெட்டி காலி என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியை மூளை ஒரு கதை கட்டி நிரப்பிக்கொள்கிறது. எப்போதும் பக்கத்தில் இருப்பவர்தானே முதலில் சந்தேகத்தில் மாட்டுவார்? நோயை மாமியார் குணம் என்று எண்ணிப் பிரிந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நோயில் செல்லுக்கு வெளியே 'அமிலாய்ட்' என்ற புரதமும் படிகிறது. ஆனால் மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு அதிகம் ஒத்துப்போவது டௌதான். இதே டௌ மூளைத் தண்டுப் பக்கம் சேர்ந்தால் நோயே வேறு. அடிக்கடி பின்பக்கமாக விழுவார்கள். கண்ணைத் தாழ்த்திப் படியைப் பார்க்க முடியாது. பார்க்கின்சன் என்று தவறாக நினைத்துவிடுவதும் உண்டு.

சரி, லேகியம். நான் சித்த மருத்துவன். வல்லாரையைக் கல்லூரியில் படித்து, இன்றுவரை கையாள்கிறவன். இருந்தும் சொல்கிறேன்: டௌ சிக்கை எடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணமான மூலிகை எதுவும் இல்லை. அலோபதியிலும் அப்படி ஒரு மருந்து விற்பனைக்கு வரவில்லை. 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகனமாப் கூட அமிலாய்டைத்தான் குறைக்கிறது. ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. வல்லாரைத் துவையல் சாப்பிடுங்கள், தப்பில்லை. 'ஞாபக சக்திக்கு' என்று யாரோ விற்கும் பஸ்பம், செந்தூரம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

தொழிலுக்கு வந்த புதிதில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு மூன்று மாதம் வல்லாரை நெய் கொடுத்துக் காத்திருந்தேன். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு குறைவு! அதற்கான மாத்திரையில் தேறினார். அந்த மூன்று மாதம் என்னால் வீணானது. இப்போதெல்லாம் மறதி என்று யார் வந்தாலும் நாடி பார்த்த கையோடு தைராய்டு, பி12 டெஸ்ட்டுக்கும் நரம்பியல் நிபுணரிடமும் அனுப்பிவிடுகிறேன். மனச்சோர்வும், தலையில் அடிபட்டுக் கட்டிய ரத்தமும் மறதியாக வேஷம் போடும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தமா? மெஷின் வாங்கிக் கொடுங்கள். கவனிக்காத செவிட்டுத்தனமும், ரத்தக் கொதிப்பும், சர்க்கரையும் மறதி நோய்க்கு வழி வைப்பவை.

அந்த மாமியாருக்கு அல்சைமர்தான் என்று நிபுணர் உறுதி செய்தார். "நான் எடுக்கலை அத்தைன்னு வாதாடாதீங்கம்மா, கூடச் சேர்ந்து தேடுங்க" என்றேன் மருமகளிடம். அசல் வளையல்கள் இப்போது பாங்க் லாக்கரில். அதே மாதிரி இரண்டு ஜோடி கவரிங் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாளாவது, "வாங்க அத்தை, பார்ப்போம்" என்று இருவருமாக அரிசிப் பானையிலிருந்து தேட ஆரம்பிக்கிறார்களாம்.