எபிகூரஸின் தோட்டமும் அடிமையுடைமைச் சமுதாயமும்

கிரேக்க மெய்யியலாளரான எபிகூரஸின் (கி. மு. 341 - 270) பெயர் நெடுங்காலமாகக் களியாட்டத்தோடும் உணவின்பத்தோடும் இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளது. எதிரணியினர் பரப்பிய இப்படிமத்துக்கு அவரது எழுத்துக்கள் இடந்தரவில்லை. உடல் நோவின்மையும் உளக் கலக்கமின்மையுமே இன்பமென மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விளக்குகிறார். எனவே, கலக்கமின்மை அக்காலத்தில் மெய்யியலொன்றின் இலக்கானது ஏன் என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

சாமோஸ் தீவிற் குடியேறிய ஏதெனியப் பெற்றோருக்குப் பிறந்தவர் எபிகூரஸ்; தந்தை பள்ளி ஆசிரியர். கி. மு. 323 இல் அலெக்சாந்தர் இறந்ததும் மக்கெடோனியாவுக்கெதிராகக் கிளர்ந்த ஏதென்ஸ் மறு ஆண்டே தோற்றது. 2,000 திராக்மா சொத்தில்லாதோரின் அரசியலுரிமை பறிக்கப்பட்டது. சாமோஸிலிருந்த ஏதெனியர் வெளியேற்றப்பட்டனர். எபிகூரஸின் குடும்பமும் அவர்களுள் அடங்கும். பிளேட்டோவும் அரிஸ்டோட்டிலும் மனிதனின் நல்வாழ்வை நகர அரசினுள் கண்டனர். அந்நகர அரசே தன் விதியைத் தீர்மானிக்கும் ஆற்றலை இழந்தபின், நல்வாழ்வுக்கு வேறு களம் தேடவேண்டியதாயிற்று.

கி. மு. 306 அளவில் ஏதென்ஸில் எபிகூரஸ் அமைத்த 'தோட்டம்' அத்தகையதொரு களமாகும். பெண்களும் அடிமைகளும் அங்கு மெய்யியல் பயின்றனர். அதன் அடித்தளம் பொருள்முதல்வாதமே: யாவும் அணுக்களாலும் வெளியாலும் ஆனவை; தேவர்கள் உலக நடப்பில் தலையிடுவதில்லை; உயிரும் அணுக்களாலானதாகையால் மரணத்தின்பின் துன்பமில்லை. அணுக்கள் தம் பாதையினின்று சிறிது விலகுகின்றன என்ற கோட்பாடு, உரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் போன்றோர் வாயிலாக நமக்குக் கிட்டுகிறது. 1841 இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் எபிகூரஸை டெமோக்கிரிட்டஸுடன் ஒப்பிட்ட இளம் மார்க்ஸ், அக்காலத்தில் ஹெகலியச் செல்வாக்குக்கு உட்பட்டிருந்தபோதிலும், இவ்விலகலில் சுதந்திரத்தின் தத்துவத்தைக் கண்டார்.

ஆயினும், தோட்டத்தின் எல்லையை எபிகூரஸின் மரணசாசனமே காட்டிவிடுகிறது. மீஸ் முதலான ஆண் அடிமைகள் மூவரையும் பெண் அடிமையொருத்தியையும் அதில் அவர் விடுவிக்கிறார். அதாவது, உடன் மெய்யியல் பயின்ற மீஸும் அவர் இறக்கும்வரை அவரது உடைமையே. நட்பினால் அடிமையை மாணவனாக்க முடிந்தது. அடிமைமுறையை அசைக்க முடியவில்லை. அச்சத்தின் வேர்களுள் அறியாமையை அவர் துணிவுடன் அகழ்ந்தார்; உடைமையுறவுகளை அகழவில்லை. அரசியலிலிருந்து ஒதுங்கி வாழும்படி போதித்த மெய்யியலுக்கு அது இயலாத பணியே. மூடநம்பிக்கைக்கெதிரான அவரது போராட்டத்தை ஏற்கும் நாம், அவர் ஒதுங்கி நின்ற இடத்தையும் மறவாதிருத்தல் வேண்டும்.