குளிரைக் கொண்டு உலோகம் கடைதல்

கரைத்தீவுக் கரையிலே படகொன்றின் சுழலித் தண்டு பழுதாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதைக் கடையும் பட்டறையிற் கத்தி முனைமேல் பால்போன்ற எண்ணெய்க் கரைசலை ஊற்றுவர். சூடு தணியும், ஆனால் தொழிலாளியின் தோலிற் சொறி உண்டாகலாம், கழிவு களப்பைச் சேர்ந்தால் மீனுக்கும் கேடு.

இதற்கு மாற்று, சைபருக்குக் கீழ் 196 சென்ரிகிரேட் பாகையிற் கொதிக்கும் திரவ நைதரசன். மெல்லிய தாரையாக முனையிற் பாய்ந்து, சூட்டைக் கவர்ந்து ஆவியாகி, தான் பிறந்த காற்றிலேயே கலந்துவிடும். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் உருக்கைக் கடைந்து பார்த்து, கத்தித் தேய்வு குறைந்ததை 2001இல் வெளியிட்டனர். சூட்டை எளிதிற் கடத்தாத தைத்தானியத்துக்கு இம்முறை மிக ஏற்றது.

சிறு பட்டறைக்கோ இது எளிதன்று. தனிக் குடுவை வேண்டும். குடுவையில் வைத்தாலும் நாடோறும் ஆவியாகிக் குறையும். மூடிய அறையிற் பிராணவாயு குன்றி ஆள் மயங்கவுங் கூடும். ஆகவே அங்கே இப்போதைக்கு இயல்வது, பழைய கரைசலை வடித்து மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதே.