தம்பானூரில் 70 லட்ச ரூபாய்க்கு ஃபிளாட்: நல்ல டீலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

"ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷ நடை. வாடகைக்கு ஆள் இல்லாம போகவே போகாது. மாசா மாசம் வாடகை வரும், விலையும் ஏறும்." முதலீட்டுக்காக ஃபிளாட் தேடும் யாரும் இந்த வசனத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள்.

திருவனந்தபுரம் சென்ட்ரல் ரயில் நிலையமும் கேஎஸ்ஆர்டிசி மத்தியப் பேருந்து நிலையமும் தம்பானூரில்தான் இருக்கின்றன. டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் குமரி மாவட்டத்து இளைஞர்களுக்குப் பழக்கமான இடம். அதனால் இந்த வசனம் இங்கே எளிதில் எடுபடும்.

ஆனால் விற்பவர் உங்களிடம் சொல்வது இரண்டே எண்கள்: விலை, வாடகை. டீல் நல்லதா என்று காட்டுவது மூன்றாவது எண். உங்களுக்கு நஷ்டம் வராமல் இருக்க, விலை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏற வேண்டும்? அதைக் கண்டுபிடிப்போம். கீழே வரும் விலை, வாடகை, வட்டி எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

70 லட்சம் எப்படி 80 லட்சம் ஆகிறது?

கட்டி முடித்த ஃபிளாட், விலை 70 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கேரளாவில் முத்திரைத்தாள் கட்டணம் 8%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 7 லட்சம். பார்க்கிங், அலமாரி, சங்க வைப்புத்தொகை என்று இன்னொரு 3 லட்சம். மொத்தம் 80 லட்சம்.

கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 5% தனி. 45 லட்சம் வரையிலான, அளவு வரம்புக்குள் வரும் வீடுகளுக்கு மட்டும் 1%. நிறைவுச் சான்றுக்குப் பிறகு விற்கப்படும் வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், வீட்டின் மதிப்பில் 80% வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். எனவே கடன் 56 லட்சம், உங்கள் கைக்காசு 24 லட்சம்.

வாடகை கடனைக் கட்டுமா?

மாத வாடகை 20,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம். இதில் ஒரு மாதம் வீடு காலி, பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, ரிப்பேர் என 70,000 போகட்டும். மிச்சம் 1.7 லட்சம். 80 லட்சத்தின் மீது பார்த்தால் இது 2.1%தான். விற்பவர் 70 லட்சத்தையும் முழு வாடகையையும் வைத்து 3.4% என்று சொல்வார்.

8.5% வட்டி, 20 ஆண்டு என்றால் இஎம்ஐ சுமார் 48,600 ரூபாய். செலவு போக வாடகையில் கிடைப்பது மாதம் 14,000 சொச்சம். மீதி 34,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வேலை போனாலும் இஎம்ஐ நிற்காது. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்கள், வாடகையை மிஞ்சும் வட்டியைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

அந்த மூன்றாவது எண்

முதல் ஆண்டு வட்டி சுமார் 4.7 லட்சம். கைக்காசு 24 லட்சத்தை 7% வட்டியில் போட்டிருந்தால் வந்திருக்கும் 1.7 லட்சமும் செலவுதான். வாடகையாக வந்த 1.7 லட்சத்தைக் கழித்தால், ஃபிளாட்டை வைத்திருக்க ஆண்டுக்கு 4.7 லட்சம் ஆகிறது. ஐந்து ஆண்டுக்கு 23 லட்சத்துக்கு மேல். வாங்கும்போது செலவான 10 லட்சத்தையும் சேர்த்தால் 33 லட்சம்.

அதாவது, ஐந்து ஆண்டு கழித்து அந்த ஃபிளாட் 1.03 கோடிக்கு விற்றால்தான் நீங்கள் போட்ட இடத்திலேயே நிற்பீர்கள். அதற்கு விலை ஆண்டுக்கு சுமார் 8% ஏற வேண்டும். லாபம் அதற்கு மேல்தான், அதிலும் 12.5% மூலதன ஆதாய வரி உண்டு. வாடகை உயர்ந்தால் இந்த எண் கொஞ்சம் குறையும்.

8% சாத்தியமா? ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு 2025 ஜனவரி-மார்ச்சில், முந்தைய ஆண்டைவிட 3.1% உயர்ந்தது. இது நாடு தழுவிய சராசரி, ஊருக்கு ஊர் மாறும். திருவனந்தபுரத்துக்குத் தனியாகப் பார்க்க தேசிய வீட்டுவசதி வங்கியின் 'ரெசிடெக்ஸ்' குறியீடு இருக்கிறது.

பேரம் பேசினால் என்ன மாறும்?

சந்தையில் உண்மையிலேயே 70 லட்சம் பெறும் ஃபிளாட்டை 63 லட்சத்துக்கு வாங்கினால், தேவைப்படும் உயர்வு சுமார் 5.8% ஆகக் குறைகிறது. விற்கும்போது வரும் லாபத்தில் பெரும்பகுதி வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆனால் 'உண்மையிலேயே' என்ற சொல் முக்கியம். விளம்பர விலையை நம்பாமல், அதே கட்டடத்தில் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று கேளுங்கள். அரசு நிர்ணயித்த நியாய விலைக்குக் கீழே வாங்கினாலும் முத்திரைக் கட்டணம் நியாய விலைக்குத்தான். நம்மூர் வழிகாட்டி மதிப்பு மாதிரி.

இடத்தில் என்ன பார்க்க வேண்டும்?

டெக்னோபார்க் இருப்பது கழக்கூட்டத்தில், தம்பானூரில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஐடி ஊழியர் ஏன் இங்கே குடிவர வேண்டும் என்று யோசியுங்கள். அக்கம்பக்கத்தில் யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

அடுத்து, மழை. ஆமயிழஞ்சான் தோடு ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது. தம்பானூரில் வெள்ளம் தேங்குவதைத் தடுக்க 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' நடந்தது. 2024 ஜூலையில் இதே தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். எனவே வீட்டை நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள்.

'நிலம்' என்றால் நிலம் இல்லை

தமிழர்கள் எளிதில் ஏமாறும் இடம் இது. கேரள வருவாய் ஆவணத்தில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டக்கூடிய மனை 'புரயிடம்'. 2008-ம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலில் அனுமதியின்றிக் கட்ட முடியாது. நிலவரி ரசீதில் எந்த வகை என்று பாருங்கள். ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும், உள்ளூர் வழக்கறிஞர் அவசியம். 30 ஆண்டு வில்லங்கச் சான்றும் வாங்குங்கள்.

புதிய திட்டம் என்றால், கேரள ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். 500 சதுர மீட்டருக்கு அதிகமான மனை அல்லது எட்டுக்கு மேல் வீடுகள் உள்ள திட்டங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10%-க்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது.

கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12-ல் தகர்க்கப்பட்டன. அவற்றுக்கு உள்ளாட்சியின் கட்டட அனுமதி இருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் முதலில் அறிவித்த இடைக்கால இழப்பீடு தலா 25 லட்சம்.

குடியிருக்க வாங்கும் வீட்டுக்குக் கணக்கு வேறு. அங்கே நீங்கள் கட்டாமல் மிச்சமாகும் வாடகையும் சொந்த வீட்டு நிம்மதியும் சேரும். முதலீட்டுக்கு என்றால், டோக்கன் பணம் கொடுக்கும் முன் அந்த மூன்றாவது எண்ணை ஒரு தாளில் எழுதி, விற்பவரிடமே கேளுங்கள்: "வருஷம் இத்தனை சதவீதம் ஏறும்னு எதை வெச்சு சொல்றீங்க?"