நுண்துகள் மருந்தும் நமது கிராமங்களும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் சாலையிலுள்ள அய்யலூரில், வியாழக்கிழமை தோறும் கூடும் ஆட்டுச் சந்தையைக் கண்டவர்கள், அங்கே ஜனங்கள் எவ்வளவு நெருக்கமாக நின்று பேரம் பேசுகிறார்கள் என்பதை அறிவார்கள். ஒருவன் இருமினால் பத்துப் பேருக்குப் போகும். 2020-ஆம் வருஷத்தில் கொரோனா பரவியபோது தேசமெங்கும் இத்தகைய சந்தைகள் மூடப்பட்டன. ஆடு விற்றுப் பிழைப்பவனுக்கு நோயும் நஷ்டம், நோயைத் தடுக்கும் வழியும் நஷ்டம் என்றாயிற்று.

அந்நோய்க்கு எதிராக மேனாட்டார் கையாண்ட புதிய ஆயுதம் நானோ துகள் என்பதாகும். ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோ மீட்டர். நோய்க் கிருமியின் முள்ளைச் செய்வதற்கான செய்தியைத் தாங்கிய ஆர்.என்.ஏ. என்னும் வஸ்துவை வெறுமனே உடம்பிற் செலுத்தினால் நொடியில் சிதைந்துவிடும். ஆகவே அதைச் சுமார் நூறு நானோ மீட்டர் அளவுள்ள கொழுப்புத் துளிக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். உயிரணு அத்துளியை உட்கொண்டு, செய்தியைப் படித்து, அந்த முள்ளைத் தானே செய்கிறது. உடம்பு அதைப் பகையென அறிந்து ஆயத்தமாகிறது. ஆர்.என்.ஏ.வைத் தடுப்பூசிக்கு ஏற்றதாக்கிய கட்டலின் கரிக்கோ, டுரூ வைஸ்மன் இருவருக்கும் 2023-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2024-இல் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வேறொரு கிருமிக்கும் இம்முறையிலான தடுப்பூசியை அமெரிக்கா அனுமதித்தது.

சாஸ்திரம் பெரிதுதான். ஆனால் பைசர் கம்பெனியின் மருந்தை முதலில் பூஜ்யத்துக்குக் கீழ் 70 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டியிருந்தது. சித்திரை வெயிலில் நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் அதற்கு எங்கே போகும்?

இக்கேள்விக்குப் புனாவிலிருந்து ஒரு விடை வந்தது. ஜெனோவா கம்பெனி, மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்ப இலாகாவின் உதவியுடன், ஆர்.என்.ஏ. மருந்தை உலர்ந்த பொடியாக்கி, 2 முதல் 8 டிகிரி வரையுள்ள சாதாரணக் குளிர்ப்பெட்டியிலேயே வைக்கத்தக்கதாக்கியது. 2022 ஜூன் மாதத்தில் ஜெம்கோவாக் என்ற அம்மருந்துக்கு அவசர அனுமதி கிடைத்தது. இம்முயற்சி அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கம்பெனி ஒன்றுடன் கூடித் தொடங்கப்பட்டதென்பதை மறைப்பதிற் பெருமையில்லை. மருந்து வந்தபோது நம்மவரில் பெரும்பாலோர் வேறு ஊசி போட்டுக்கொண்டு விட்டனர் என்பதும் உண்மையே. எனினும் கைவந்த வித்தை வீண்போகாது. அடுத்த கிருமி வரும்போது செய்தியை மாற்றிப் பொதிந்தால் போதும்.

பொதிவதற்கு இடம் எங்கே என்பதுதான் நமது மனத்தை வருத்துவது. கிண்டியில் கிங் நிலையம் 1899-லும், குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-லும் தோன்றிய ராஜ்யம் இது. அந்நிய ஆட்சியில் எழுந்த குன்னூர் நிலையத்தின் தடுப்பூசி உற்பத்தி உரிமத்தை 2008-இல் நமது சர்க்காரே நிறுத்தி வைத்தது. பின்னர் 2010-இல் திருப்பியளித்தது. செங்கற்பட்டில் சுமார் 600 கோடி ரூபாய்ச் செலவில் சர்க்கார் எழுப்பிய தடுப்பூசித் தொழிற்சாலையோ, கொரோனா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன 2021-இலும் ஒரு குப்பி தடுப்பூசியும் தராமல் நின்றது. நடத்த டெண்டர் கோரியும் பயனில்லை. தமிழ்நாட்டு முதல் மந்திரி அவ்வாண்டு மே மாதம் நேரிற் சென்று பார்த்து, அதை ராஜ்யத்துக்குக் குத்தகைக்கு விடும்படி டில்லியைக் கேட்டார். கட்டிடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். மருந்துக்காக அன்று நாம் வரிசையில் நின்றோம்.