கூலிப் பெண்களுக்குக் கைகொடுக்கும் சிப்பிக் காளான்

நடவு, களையெடுப்பு, அறுவடை முடிந்துவிட்டால் விவசாயக் கூலிப் பெண்களுக்கு வேலை இல்லை. சொந்த நிலமும் இல்லாத இவர்களுக்கு ஏற்ற வீட்டுத் தொழில் சிப்பிக் காளான் வளர்ப்பு. சிறு கூரைக் கொட்டகை, வைக்கோல், நல்ல தண்ணீர் இவையே முக்கியத் தேவைகள்.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று பல மாவட்டங்களில் உள்ள இந்நிலையங்களில் காளான் வளர்ப்பும் கற்றுத் தரப்படுகிறது.

படுக்கை அமைக்கும் முறை

புதிய, காய்ந்த வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, 5 மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் வேக வைத்து, ஆற விட வேண்டும். கையால் பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். இதுவே சரியான பதம். ஈரம் மிகுந்தால் பச்சைப் பூசணம் படர்ந்து படுக்கை வீணாகும்.

ஓரடி அகலம், இரண்டடி நீளமுள்ள பாலிதீன் பையில் வைக்கோலையும் காளான் வித்தையும் அடுக்கடுக்காக இட்டு, வாயைக் கட்டி, காற்றுக்காகப் பக்கங்களில் சில துளைகள் இட வேண்டும். 15 முதல் 20 நாட்களில் வெண்ணிறப் பூசணம் முழுவதும் பரவும். பின்னர் பையைக் கிழித்து, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வந்தால் மொட்டு தோன்றும். மொட்டு விட்ட மூன்றாம் நாள், தண்ணீர் தெளிக்குமுன் பறிக்கலாம். ஒரு படுக்கையில் மூன்று முறை பறித்தபின், வைக்கோலை மக்க வைத்து உரமாக்கலாம்.

விற்பனைதான் முக்கியம்

பறித்த காளானை அன்றே விற்றாக வேண்டும்; மறுநாளே வாடிவிடும். பயிற்சி பெற்றும் சிலர் தொழிலைக் கைவிடுவது இதனால்தான். முதலில் பக்கத்து ஊர்க் கடை, உணவு விடுதிகளில் விசாரித்து, பிறகே வித்து வாங்க வேண்டும். எல்லாப் படுக்கைகளையும் ஒரே நாளில் போடாமல் நாளுக்கு இரண்டாகப் போட்டால், காளானும் சிறுகச் சிறுகக் கிடைக்கும். விற்காததை வெயிலில் உலர்த்தி வைக்கலாம்.

விளைந்ததைத் தாமே வாங்கிக் கொள்வதாகச் சொல்லி முன்பணம் கேட்போரை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. வித்து, பை, விறகுச் செலவோடு தம் உழைப்புக்கும் கூலி போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். பத்துப் படுக்கைகளில் மிச்சம் கண்ட பிறகு தொழிலைப் பெருக்குவதே நல்லது.