மூட மறுக்கும் கம்ப்யூட்டர்

(இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு)



வேலையை முடித்து 'ஷட் டவுன்' கொடுக்கிறோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு நீலத்திரை; அதில் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்று ஒரு வரி. சில புதிய கணினிகளில் திரை கறுப்பாகவும் வரும். "நீதானே கம்ப்யூட்டர் படிக்கிறே, என்னான்னு பாரு" என்று வீடே நம்மைப் பார்க்கும். என்னைப் போல வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்கு இது இன்னொரு செமஸ்டர் பரீட்சை!

கடைக்காரரிடம் போனால் பெரும்பாலும் ஒரே மருந்துதான்: "ஃபார்மட் போட்டுடலாம்." காட்டுப்பள்ளியிலிருந்து சிபியூவைத் தூக்கிக்கொண்டு மீஞ்சூர் வந்து, ரயிலேறி ரிச்சி தெரு போனால் அப்பாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. பேக்கப் எடுக்காமல் ஃபார்மட் போட்டால் பிராஜெக்ட், சான்றிதழ் ஸ்கேன், அக்கா கல்யாண போட்டோ எல்லாமே போச்சு. அதற்கு முன் நாமே பார்க்கலாம்.

டிரைவர் என்பது யார்?

பிரிண்டர், வைஃபை, சவுண்டு என ஒவ்வொரு சாதனத்தையும் விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருளே டிரைவர். சிப்காட் கம்பெனியில் ஷிஃப்ட் முடிவதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஆபரேட்டரும் "மெஷினை நிறுத்தியாச்சு" என்று சொன்ன பிறகுதான் மெயின் சுவிட்சை அணைப்பார்கள். ஒருத்தர் பதில் சொல்லவில்லை என்றால் எல்லோரும் காத்து நிற்க வேண்டியதுதான். பதில் சொல்லாத அந்த ஒருத்தர்தான் நம் பழுதான டிரைவர்.

இது புது வியாதி இல்லை. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு மூடும்போது தொங்கியதால், மைக்ரோசாஃப்ட் அதற்கென்றே தனித் திருத்தம் வெளியிட்டது. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் நம் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. நம்மில் பல வீடுகளின் முதல் கணினி அதுதான். அந்தப் பழைய மெஷினில் பிறகு புது விண்டோஸ் ஏற்றினால், பழைய டிரைவர் ஒத்துப்போகாமல் போகலாம்.

செய்ய வேண்டியவை

1. பட்டனை அழுத்திப் பிடித்து உடனே அணைக்காதீர்கள். திரையில் சதவீதம் 100 ஆகும்வரை விடுங்கள். பிழைக் குறிப்பு அப்போதுதான் முழுதாகப் பதிவாகும். திரையை போட்டோ எடுங்கள். '.சிஸ்' என்று முடியும் பெயர் இருந்தால் அதுவே முதல் தடயம்.

2. மறுபடி ஆன் ஆனதும் முதல் வேலை, முக்கிய ஃபைல்களைப் பென்டிரைவில் காப்பி எடுப்பது.

3. பிரிண்டர், யுஎஸ்பி வைஃபை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஷட் டவுன் கொடுங்கள். ஒழுங்காக மூடினால், ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம்.

4. தேடும் இடத்தில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தால் நாள்வாரியாகப் பட்டியல் வரும். சிவப்புக் குறி எந்த நாளில் தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன இன்ஸ்டால் ஆனது என்று பாருங்கள்.

5. டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அது மங்கலாக இருந்தால், மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். 'எல்லா டிரைவரும் இலவசம்' என்று கூவும் மென்பொருள் பக்கம் போகாதீங்க.

6. 'ரீஸ்டார்ட்' நன்றாக நடந்து, 'ஷட் டவுன்' மட்டும் தகராறு செய்தால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மேல் சந்தேகப்படுங்கள். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த வசதி இது. சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸின் உள்பகுதியை முழுதாக மூடாமல் டிஸ்கில் எழுதி வைக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

7. சேஃப் மோடில் ஒழுங்காக மூடுகிறதா? அப்படியானால் நாம் பின்னால் ஏற்றிய டிரைவரோ மென்பொருளோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கும் தொங்கினால் ஹார்டு டிஸ்க், ராம் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் கடைக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் போட்டோவையும், செய்து பார்த்தவற்றை எழுதிய தாளையும் கொண்டு போங்கள். "ஃபார்மட் போடவா?" என்று கேட்பவரிடம், "எந்த டிரைவர்னு பார்த்தீங்களா அண்ணே?" என்று நாம் திருப்பிக் கேட்கலாம். நாம் படிக்கிற படிப்பு வீட்டுக்குக் கொடுக்கும் முதல் வருமானம் அதுவே!